ஒரே எடை, வேறு உருவம்: கொழுப்பு மாற்றியங்களைப் பிரித்தறியும் அயனி நகர்திறன் நுட்பங்கள்

ஆளிவிதை, பாகல் விதை, மாதுளை விதை மூன்றிலுமே எண்ணெய் உண்டு. ஆளிவிதை எண்ணெயில் மிகுந்திருப்பது ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். பாகல் விதையில் ஆல்ஃபா எலியோஸ்டியரிக் அமிலம். மாதுளை விதையில் பியூனிசிக் அமிலம். மூன்றிலும் 18 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்கள். மூன்றிலும் சங்கிலியில் மூன்று இரட்டைப் பிணைப்புகள். மூன்றின் மூலக்கூறு எடையும் 278. ஆனால் ஆளிவிதை அமிலம் சுழியத்துக்குக் கீழே 11 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தாலும் உறையாது. பாகல் விதை அமிலமோ தூய நிலையில் 48 டிகிரி அளவுக்குச் சூடேறினால்தான் உருகும். இரட்டைப் பிணைப்புகள் சங்கிலியின் எந்தெந்த இடத்தில் இருக்கின்றன, அங்கே சங்கிலி எப்படி மடங்குகிறது என்பதைத் தவிர இவற்றுக்குள் வேறு பேதம் இல்லை.

ஒரே அணுக்களால் ஆகி, அவை அடுக்கப்பட்ட விதத்தில் மட்டும் வேறுபடும் சேர்மங்களை வேதியியல் மாற்றியங்கள் என்கிறது. லிப்பிடுகள் என்று பாடநூல்கள் குறிப்பிடும் கொழுப்புகளில் இவற்றுக்குப் பஞ்சமே இல்லை. உடல் தன் கொழுப்புகளைக் கட்டும் முறையே அதற்குக் காரணம். மூன்று கார்பன் கொண்ட கிளிசரால், சில டஜன் கொழுப்பு அமிலங்கள், கோலின், இனோசிட்டால் போன்ற சில தலைப்பகுதிகள், சில சர்க்கரைகள்: இந்தச் சிறு கையிருப்பை மாற்றி மாற்றிச் சேர்த்தே உயிரணு ஆயிரக்கணக்கான கொழுப்புகளை ஆக்குகிறது. அமெரிக்காவில் 2003-இல் தொடங்கிய லிப்பிட் மேப்ஸ் திட்டத்தின் தரவுத்தளத்தில் இன்று 45,000-க்கும் மேற்பட்ட கொழுப்பு அமைப்புகள் பதிவாகியுள்ளன. அவற்றில் பெரும்பகுதிக்கு எடையில் அச்சு அசலான கூட்டாளிகள் உண்டு.

கொழுப்புகளை ஆராய்வோரின் முதன்மைக் கருவி நிறை நிறமாலைமானி. மூலக்கூறுக்கு மின்னூட்டம் ஏற்றி அயனியாக்கி, அதன் நிறையைப் பத்து லட்சத்தில் ஓரிரு பங்கு துல்லியத்துக்கு அளந்துவிடும். அயனியை வாயுவில் மோதவிட்டு உடைத்தால் தலைப்பகுதி எது, கொழுப்பு அமிலச் சங்கிலிகள் எவ்வளவு நீளம் என்பதும் தெரியும். ஆனால் எடையே ஒன்றாக இருக்கும் இரண்டு மூலக்கூறுகளின் முன்னால் அந்தத் துல்லியத்துக்கு வேலையில்லை. வழக்கமான மோதலில் சங்கிலி இரட்டைப் பிணைப்புக்கு அருகே முறிவதும் அரிது. ஆகவே அந்தப் பிணைப்பின் இருப்பிடம் மறைந்தே கிடக்கும். இந்தக் குறையை ஈடுகட்ட வந்ததுதான் அயனி நகர்திறன் அளவியல். அயனியின் எடையோடு அதன் பருமனையும் உருவத்தையும் சேர்த்து அளக்கும் முறை அது. கடந்த இருபது ஆண்டுகளில் கொழுப்பாய்வில் இது செய்த சாதனை பெரிது. அந்தச் சாதனையின் எல்லை எது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்; மாற்றியங்களைப் பிரிப்பது ஒரு வேலை, பிரிந்தவை எவை என்று சொல்வது வேறொரு வேலை.

எங்கே பிசகினால் என்ன ஆகும்

மாற்றியங்களுக்கு இத்தனை முக்கியத்துவம் எதற்கு என்று கேட்பவருக்கு வனஸ்பதி ஒன்றே போதுமான விடை. ஓலியிக் அமிலத்தின் 9ஆம் இடத்து இரட்டைப் பிணைப்பு சிஸ் வடிவில் இருப்பதால் சங்கிலி வளைந்திருக்கும். அது 13 டிகிரியிலேயே உருகிவிடும். அதே இடத்தில் டிரான்ஸ் பிணைப்பு கொண்ட எலைடிக் அமிலத்தின் சங்கிலி ஏறக்குறைய நேரானது. உருக 45 டிகிரி வேண்டும். எண்ணெயை ஹைட்ரஜனேற்றி வனஸ்பதியாக்கும்போது பிறக்கும் இந்த டிரான்ஸ் கொழுப்பு, இதய நோய்க்கு இட்டுச்செல்வது உறுதியானதும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் அதை உலக உணவிலிருந்தே நீக்க அழைப்பு விடுத்தது. இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் அதன் அளவு 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எடையை மட்டும் அளக்கும் கருவியிடம் இந்த விதியை ஒப்படைக்க முடியாது. அதற்கு ஓலியிக்கும் எலைடிக்கும் ஒன்றே. ரசப்பொடிக்கு வறுக்கும் மல்லி விதையின் எண்ணெயில் மிகுந்திருக்கும் பெட்ரோசெலினிக் அமிலமும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். இரட்டைப் பிணைப்பு 6ஆம் இடத்தில் இருப்பதைத் தவிர ஓலியிக்கிலிருந்து அதற்கும் வேறுபாடு இல்லை.

சங்கிலிகள் கிளிசராலின் எந்தக் கார்பனில் தொங்குகின்றன என்பதும் இதே அளவுக்குக் கவனிக்கத் தக்கது. தாய்ப்பாலில் உள்ள பால்மிடிக் அமிலத்தின் பெரும்பகுதி கிளிசராலின் நடுவிடத்தில் இணைந்திருக்கிறது. பாமாயிலில் அது பெரும்பாலும் இரு ஓரங்களில் இருக்கும். குழந்தையின் செரிமான நொதி ஓரங்களைத்தான் வெட்டும். பாமாயில் வகையில் அப்படி விடுபடும் பால்மிடிக் அமிலம் குடலில் கால்சியத்தோடு சேர்ந்து கரையாத சோப்பாகிவிடும். மலம் இறுகும், கால்சியமும் வீணாகும். அதனால்தான் பால்மிடிக் அமிலத்தை நடுவில் நிறுத்திய சிறப்புக் கொழுப்பைக் குழந்தைப் பால்மாவுக்கென்றே தயாரிக்கிறார்கள். எடைக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான்; குழந்தையின் வயிற்றுக்கு ஒன்றல்ல.

மனிதத் தோலின் எண்ணெய்ப் பசையில் சேப்பியனிக் அமிலம் என்றொன்று உண்டு. 16 கார்பன், 6ஆம் இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு. பல எண்ணெய்களிலும் உடற்கொழுப்பிலும் காணப்படும் பால்மிடோலியிக் அமிலத்துக்கும் அதே 16 கார்பன், அதே எடை. பிணைப்பு மட்டும் 9ஆம் இடத்தில். பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 2019-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு, சில புற்றுநோய் உயிரணுக்கள் வழக்கமான நொதிப் பாதை அடைபட்டாலும் சேப்பியனிக் அமிலம் ஆக்கும் மாற்றுப் பாதையால் பிழைத்துக்கொள்கின்றன என்று காட்டியது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதும் ஆய்வகத்தின் கண்ணில் அந்த மாற்றுப் பாதை படவே படாது.

இவற்றைவிட நுணுக்கமானது சர்க்கரை ஏறிய கொழுப்புகளின் சிக்கல். குளுக்கோஸுக்கும் கேலக்டோஸுக்கும் உள்ள வேறுபாடு, 4ஆம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது மட்டுமே. ஆனால் குளுக்கோஸ் ஏறிய கொழுப்பான குளுக்கோசைல்செரமைடு சிதையாமல் தேங்கினால் அது கோஷே நோய். கேலக்டோஸ் ஏறிய கொழுப்பைச் சிதைக்க முடியாமல் போனால் அது கிராபே நோய். முன்னதற்கு நொதி மாற்று மருத்துவம் உண்டு. பின்னதன் கடுமையான வடிவம் குழந்தையின் நரம்பு மண்டலத்தைச் சில மாதங்களில் குலைத்துவிடும்.

பழைய வழிகள்

அயனி நகர்திறன் வருவதற்கு முன் வேதியியலாளர்கள் கைகட்டி நிற்கவில்லை. ஜேம்ஸும் மார்ட்டினும் 1952-இல் வாயு வண்ணப்பிரிகை முறையை அறிமுகப்படுத்தியபோது முதலில் பிரித்துக் காட்டியவையே கொழுப்பு அமிலங்கள்தாம். இன்றும் டிரான்ஸ் கொழுப்பை அளக்க 100 மீட்டர் நீளமுள்ள மெல்லிய குழாயைச் சுருட்டி அடுப்பில் வைத்து, அதன் வழியே கொழுப்பு அமில எஸ்டர்களை ஓட்டுகிறார்கள். வெள்ளி அயனி இரட்டைப் பிணைப்போடு ஒட்டிக்கொள்ளும் இயல்பை வைத்து மோரிஸ் 1962-இல் சிஸ், டிரான்ஸ் வடிவங்களை மென்படலத்தில் பிரித்தார். நாகப் பாம்பு நஞ்சில் உள்ள ஃபாஸ்ஃபோலிப்பேஸ் நொதி, ஃபாஸ்ஃபோலிப்பிடின் நடுக் கார்பனில் உள்ள அமிலத்தை மட்டும் வெட்டும். எந்தச் சங்கிலி எங்கே இருந்தது என்று அறிய அது இன்றும் பயன்படுகிறது.

இவை எல்லாம் நம்பகமான முறைகள். ஆனால் வாயு வண்ணப்பிரிகைக்குக் கொழுப்பை முதலில் துண்டாட வேண்டும். துண்டாடியபின் கையில் இருப்பது அமிலங்களின் பட்டியல். எந்த அமிலம் எந்த மூலக்கூறில், எந்த அமிலத்துக்குத் துணையாக, எந்த இடத்தில் இருந்தது என்ற செய்தி அங்கேயே அழிந்துவிடும். நேரமும் ஒரு தடை: 100 மீட்டர் குழாயில் ஒரு மாதிரி ஓடி முடிய ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம்.

வாயுவுக்குள் ஒரு பயணம்

நைட்ரஜனோ ஹீலியமோ நிறைந்த குழாயில் மின்புலம் ஒன்றை ஏற்படுத்தி, அதில் அயனிகளைச் செலுத்தினால் அவை முன்னேறும். வாயு மூலக்கூறுகள் வழி நெடுகிலும் மோதி அவற்றின் வேகத்தைக் குறைக்கும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் கைகளை ஒடுக்கிக்கொண்டு நடப்பவர், விரித்த குடையோடு வருபவருக்கு முன்னால் போய்ச் சேர்வதைப் போல, சுருண்டு கச்சிதமாக இருக்கும் அயனி விரைவாகவும், நீண்டு விரிந்த அயனி தாமதமாகவும் மறுமுனையை அடையும். எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து அதன் மோதல் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிடலாம். அலகு சதுர ஆங்ஸ்ட்ராம். உயிரணுச் சவ்வுகளில் எங்கும் நிறைந்திருக்கும் ஃபாஸ்ஃபடிடைல்கோலின் வகைக் கொழுப்பு ஒன்றுக்கு, நைட்ரஜனில், இது 285 சதுர ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும். வாயுவை மாற்றினால் இந்த எண்ணும் மாறும். எனவே எந்த வாயு என்று சொல்லாத குறுக்குவெட்டு எண்ணுக்குப் பொருளில்லை.

இந்தக் கருத்து புதியதல்ல. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட சில மாதங்களிலேயே, 1896-இல், ஜே. ஜே. தாம்சனும் ரதர்ஃபோர்டும் வாயுவில் அயனிகளின் ஓட்டத்தை ஆராயத் தொடங்கிவிட்டார்கள். பால் லாஞ்சவின் 1905-இல் அதற்கு ஒரு கோட்பாட்டைத் தந்தார். கோஹனும் காரசெக்கும் 1970-இல் 'பிளாஸ்மா வண்ணப்பிரிகை' என்ற பெயரில் இதை வேதிப் பகுப்பாய்வுக்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் நீண்ட காலம் இந்தக் கருவி வெடிமருந்தையும் நச்சு வாயுவையும் மோப்பம் பிடிக்கவே பயன்பட்டது. விமான நிலையத்தில் பயணியின் பையைத் துணியால் துடைத்து, அந்தத் துணியைச் செருகிப் பார்க்கும் பெட்டிகள் பலவற்றுக்குள் இருப்பதும் இதுதான்.

பெரிய, எளிதில் சிதையும் உயிர்மூலக்கூறுகளை முழுசாக அயனியாக்க ஜான் ஃபென் உருவாக்கிய மின்தெளிப்பு முறை வந்தபின் நிலைமை மாறியது; 1990-களில் பௌயர்ஸ், ஜாரோல்டு, கிளெம்மர் ஆகியோர் அயனி நகர்திறனை நிறை நிறமாலைமானியோடு இணைத்துப் புரதங்களின் உருவத்தை அளந்தார்கள். கொழுப்புகளின் முறை அதன் பிறகே வந்தது. வாட்டர்ஸ் நிறுவனம் நகரும் மின்னலையால் அயனிகளை உந்தும் கருவியை 2006-இல் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இது சிறப்பு ஆய்வகங்களின் சொத்தாக மட்டும் இருந்த நிலை முடிந்தது.

கொழுப்பாய்வுக்கு இது ஏன் பொருந்துகிறது என்பதற்கு நேரக் கணக்கே விடை. திரவ வண்ணப்பிரிகை நிமிடங்களில் நடக்கிறது. அயனி நகர்திறன் பிரிப்பு சில பத்து மில்லிவினாடிகளில் முடிகிறது. பறத்தல்நேர நிறை அளவீட்டுக்கு ஒரு மில்லிவினாடியின் பத்தில் ஒரு பங்கே போதும். ஒன்றின் இடைவெளிக்குள் மற்றது அடங்கிவிடுவதால், கூடுதல் நேரம் செலவழிக்காமலே கூடுதலாக ஒரு பரிமாணம் கிடைக்கிறது.

அரை விழுக்காட்டுக்கான போராட்டம்

கொழுப்பு அயனிகளின் பருமன் ஓர் ஒழுங்குக்கு உட்பட்டது. சங்கிலி நீண்டால் குறுக்குவெட்டு கூடும். சிஸ் இரட்டைப் பிணைப்பு கூடினால் சங்கிலி மடங்கிக் குறுக்குவெட்டு குறையும். தலைப்பகுதி மாறினால் முழு வரிசையும் இடம் பெயரும். இந்த ஒழுங்கால், கொழுப்பின் வகையை அறிய அயனி நகர்திறன் சிறந்த துணை.

மாற்றியங்களில்தான் கடினம் தொடங்குகிறது. பால்மிடிக், ஓலியிக் அமிலங்கள் இரண்டும் உள்ள ஒரு ஃபாஸ்ஃபடிடைல்கோலினில் அவை இடம் மாறினால் குறுக்குவெட்டு ஒரு விழுக்காடுகூட மாறாது. சிஸ், டிரான்ஸ் வேறுபாடும் பெரும்பாலும் அந்த எல்லைக்குள்தான். அரை விழுக்காடு வேறுபடும் இரண்டு அயனிகளை ஓரளவேனும் பிரித்துக் காண 200 அளவில் பிரிதிறன் வேண்டும். ஒன்றின் நிழல் மற்றதன்மேல் விழாமல் பிரிக்க 300-க்கு மேல் வேண்டும். வழக்கமான 78 சென்டிமீட்டர் நகர்குழாயின் பிரிதிறன் 50, 60 அளவுதான். அயனி நகர்திறன் துறையின் அண்மைக்கால வரலாறு பெரும்பாலும் இந்த இடைவெளியைக் கடந்த வரலாறு.

சுவிட்சர்லாந்தின் தூன் நகரில் கிரோஸ்லும் உடன் பணியாற்றியவர்களும் 2015-இல் வெளியிட்ட கட்டுரை ஒரு திருப்பம். 250 அளவு பிரிதிறன் கொண்ட நகர்குழாயில், சங்கிலி இடமாற்றம், இரட்டைப் பிணைப்பின் இருப்பிடம், சிஸ்–டிரான்ஸ் ஆகிய மூவகை மாற்றியங்களையும் முழுக் கொழுப்பாகவே, துண்டாடாமல், பிரித்துக் காட்டினார்கள். முடியாது என்று பலர் ஒதுக்கியிருந்த வேலை அது.

பாதையை நீட்டுவது மற்றொரு வழி. அமெரிக்காவின் பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வகத்தில் ரிச்சர்டு ஸ்மித் குழுவினர் மின்சுற்றுப் பலகைகள் இரண்டை எதிரெதிரே வைத்து, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து செல்லும் 13.5 மீட்டர் பாதையை அமைத்தார்கள். அயனிகள் இழப்பின்றி அதன் வழியே ஓடின. பாதையின் முடிவிலிருந்து அவற்றை மீண்டும் தொடக்கத்துக்குத் திருப்பி 81 சுற்றுகள் ஓட்டியபோது மொத்தத் தொலைவு ஒரு கிலோமீட்டரைத் தாண்டியது. சில சதுர அடி மேசைக்குள் ஒரு கிலோமீட்டர்! இவ்வகைப் பாதையில் 2017-இல் கொழுப்பு மாற்றியங்களோடு நரம்புத் திசுவில் காணப்படும் கேங்லியோசைடு என்னும் சர்க்கரைக் கொழுப்பின் மாற்றியங்களையும் பிரித்தார்கள்.

வாட்டர்ஸ் 2019-இல் வெளியிட்ட கருவியில் பாதை 98 சென்டிமீட்டர் வட்டம். ஒரு சுற்றுக்குப் பிரிதிறன் 65 அளவு. சுற்றுகள் நான்கு மடங்கானால் பிரிதிறன் இரு மடங்காகும். 100 சுற்றுகளில் 750 வரை எட்டியதாக அதை உருவாக்கியவர்கள் காட்டினார்கள். இதற்கு ஒரு விலை உண்டு. வட்டத்தில் வேகமான அயனி மெதுவான அயனியைச் சுற்றி வந்து முந்திவிடும். முந்தியபின் எது முதல், எது கடை என்று சொல்ல வழியில்லை. ஆகவே நீண்ட ஓட்டத்துக்கு முன் ஒரு குறுகிய எடை வரம்பை மட்டும் தேர்ந்து மற்றதை வெளியேற்ற வேண்டும். இரத்தத்தில் உள்ள எல்லாக் கொழுப்புகளையும் ஒரே ஓட்டத்தில் 750 பிரிதிறனோடு பார்க்க முடியாது. விளம்பரத் தாள்களில் பெரிய எண் முதலிலும் இந்தக் கட்டுப்பாடு கடைசியிலும் வரும். வாங்குபவர் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

புரூக்கர் நிறுவனத்தின் பிடித்துவைக்கும் முறை வேறு திசையில் சிந்திக்கிறது. அங்கே வாயு ஓடுகிறது. மின்புலம் அயனிகளை எதிர்த்து நிறுத்துகிறது. புலத்தை மெல்லக் குறைத்தால் பருமனான அயனிகள் முதலில் விடுபட்டு வெளியேறும். சுமார் 10 சென்டிமீட்டர் இடத்திலேயே 200-ஐ எட்டும் பிரிதிறன் கிடைப்பது இதன் வலிமை. எவ்வளவு மெதுவாகக் குறைக்கிறோமோ அவ்வளவு நன்றாகப் பிரியும். வான்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு 2020-இல் இதைத் திசு மெல்லிய வெட்டின்மேல் லேசர் வைத்துக் கொழுப்புகளைப் படமெடுக்கும் முறையோடு இணைத்தது. திசுவின்மேல் வண்ணப்பிரிகைக் குழாயைப் பொருத்த முடியாது. அயனி உருவானபின் பிரிக்கும் முறையே அங்கே கைகொடுக்கும். இந்தத் துறையில் அயனி நகர்திறனுக்கு இணையான மாற்று இல்லை என்றே சொல்லலாம்.

சோவியத் ஒன்றியத்தில் 1980-களில் பிறந்த வேறுபாட்டு நகர்திறன் முறையைத் தனியே பார்க்க வேண்டும். வலுவான புலமும் வலுவற்ற எதிர்ப்புலமும் மாறி மாறி அயனியை அலைக்கழிக்கும். இரு நிலைகளிலும் நகர்திறன் எவ்வளவு மாறுகிறது என்பதை வைத்து அயனிகள் பிரியும். இதிலிருந்து குறுக்குவெட்டு எண் கிடைக்காது. ஆனால் வேறெங்கும் ஒட்டிக்கொண்டே வரும் மாற்றியங்கள் இங்கே பிரிவதுண்டு. வாயுவில் புரோப்பனால் ஆவியைக் கலந்தால் பிரிப்பு இன்னும் கூர்மையாகும். ஆஸ்திரேலியாவின் வொலாங்காங் பல்கலைக்கழகக் குழு 2014-இல், புரோட்டானுக்குப் பதில் வெள்ளி அயனியை ஏற்றி இந்த முறையில் செலுத்தியபோது, சங்கிலி இடம் மாறிய ஃபாஸ்ஃபடிடைல்கோலின்கள் தனித்தனியே வெளிவந்தன. மோரிஸ் பயன்படுத்திய அதே வெள்ளி.

எந்த அயனியை ஏற்றுகிறோம் என்பதே பல நேரங்களில் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கிறது. பித்த அமிலங்களான கீனோடியாக்சிகோலிக், டியாக்சிகோலிக், மருந்தாகவும் தரப்படும் அர்சோடியாக்சிகோலிக் மூன்றும் ஒரே எடை கொண்டவை. ஏறக்குறைய ஒரே உருவமும்கூட. அவற்றை வளைய மாச்சர்க்கரையான சைக்ளோடெக்ஸ்டிரினோடு சேர்த்தபோது அந்த வளையத்துக்குள் ஒவ்வோர் அமிலமும் வெவ்வேறு விதமாகப் பொருந்தி, நீண்ட பாதைக் கருவியில் பிரிந்தன. பிரிதிறனை உயர்த்த முடியாத இடத்தில் வேறுபாட்டையே பெரிதாக்கும் வழி இது. கருவிக்குப் பெரும்பணம் செலவிட முடியாத ஆய்வகங்களுக்கு இந்த வழியே முதலில் பரிந்துரைக்கத் தக்கது.

பிரிந்ததற்கு என்ன பெயர்

கருவி தரும் வரைபடத்தில் இரண்டு உச்சிகள் தெரிகின்றன. அவை எவை?

வைட்டமின் டி ஆய்வில் கிடைத்த ஒரு பாடம் இங்கே பொருந்தும். இரத்தத்தில் அளக்கப்படும் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி-க்கு 3ஆம் கார்பனில் மட்டும் திரும்பிய எபிமர் ஒன்று உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஆராய்ந்த 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, ஏறத்தாழ 23 விழுக்காட்டுக் குழந்தைகளிடம் இந்த எபிமரைக் கண்டது. அவர்களிடம் மொத்த அளவில் 9 முதல் 61 விழுக்காடு வரை அதுவே இருந்தது. இதைப் பிரிக்காமல் அளந்தால், குறைபாடுள்ள குழந்தைக்குப் போதுமான வைட்டமின் இருப்பதாக அறிக்கை வரும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தினர் 2017-இல் சோடியம் அயனி ஏற்றி இதை ஆராய்ந்தபோது, உண்மையான வைட்டமின் சுருண்ட நிலை, விரிந்த நிலை என இரண்டு உருவங்களில் வந்தது. எபிமர் சுருண்ட நிலையில் மட்டும் வந்தது. விரிந்த உருவத்தின் உச்சியை மட்டும் அளந்தால் எபிமரின் குறுக்கீடு ஒழியும். அழகான தீர்வு. ஆனால் இதே நிகழ்வு ஓர் எச்சரிக்கையும்கூட: ஒரே மூலக்கூறு இரண்டு உச்சிகளாகத் தெரியலாம். தூய மாதிரியோடு ஒப்பிடாமல், இரண்டு உச்சிகள் என்றால் இரண்டு மாற்றியங்கள் என்று எழுதுவது அறிவியலாகாது.

குறுக்குவெட்டு எண்ணையே அடையாள அட்டையாகக் கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கெனத் தரவுத்தளங்கள் உண்டு. கணினிக் கற்றலால் எண்ணை முன்கூட்டியே கணிக்கும் லிப்பிட்சிசிஎஸ் போன்றவையும் 2017 முதல் வந்துள்ளன. நகர்குழாய் அளவீட்டை வெவ்வேறு ஆய்வகங்கள் ஒரே நெறியில் செய்து ஒப்பிட்ட 2017-ஆம் ஆண்டு ஆய்வில், ஆய்வகங்களுக்கிடையேயான சிதறல் 0.29 விழுக்காடுதான். மெச்சத் தக்க ஒற்றுமை. ஆனால் தேடும் வேறுபாடே அரை விழுக்காடு என்னும்போது 0.29 சிறிய எண்ணல்ல. கணிப்புகளின் பிழை அதைவிடப் பெரிது. ஆகவே குறுக்குவெட்டு எண் ஒரு கொழுப்பை 'இதுவாக இருக்க முடியாது' என்று விலக்க நன்கு உதவும். நெருங்கிய மாற்றியங்களுக்குள் 'இதுவேதான்' என்று சுட்ட அது தனியே போதாது. தூய மாதிரி இருந்தால் சிக்கல் தீரும். ஆனால் விலைக்குக் கிடைக்கும் தூய மாற்றியங்கள் இயற்கையில் இருப்பவற்றில் ஒரு சிறு பகுதியே.

இந்த இடத்தில்தான் மற்ற முறைகளின் துணை தேவைப்படுகிறது. பிளாங்க்ஸ்பி, மிட்செல் ஆகியோர் 2008-இல் கருவிக்குள்ளேயே ஓசோனைச் செலுத்தினார்கள்; ஓசோன் இரட்டைப் பிணைப்பைக் குறிபார்த்து வெட்டும்; துண்டின் எடை பிணைப்பின் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பர்டியூ பல்கலைக்கழகத்தில் யூ ஷியா குழு 2014-இல் அசிட்டோனையும் புற ஊதா ஒளியையும் கொண்டு அதே பிணைப்பில் ஒரு வளையத்தை ஏற்றி, அங்கேயே உடைத்தது. இதற்குச் சிறப்புக் கருவி வேண்டாம் என்பதால் வேகமாகப் பரவியது. பெர்லினில் பேகல் குழு அயனிகளை மிகு குளிரில் உறையவைத்து அகச்சிவப்பு நிறமாலை எடுத்து, சர்க்கரைக் கொழுப்புகளைக் கைரேகை போலப் பிரித்தறிந்தது. ஓசோனால் வெட்டுவதையும் அயனி நகர்திறனையும் ஒரே ஓட்டத்தில் இணைத்த 2018-ஆம் ஆண்டு ஆய்வே இவற்றுள் வழிகாட்டியானது: நகர்திறன் பிரிக்கிறது, ஓசோன் பெயர் சொல்கிறது.

பெயர் எழுதும் முறையிலும் இந்த நேர்மை பதிந்திருக்கிறது. லீபிஷும் அவரோடு இணைந்த அறிஞர்களும் 2013-இல் முன்வைத்து 2020-இல் விரிவாக்கிய குறிமுறைப்படி, ஒரு ஃபாஸ்ஃபடிடைல்கோலினின் (பிசி) மொத்தக் கார்பனும் இரட்டைப் பிணைப்பும் மட்டும் தெரிந்தால் 'பிசி 34:1' என்று எழுத வேண்டும். சங்கிலிகள் தெரிந்து இடம் தெரியாவிட்டால் இடையே அடிக்கோடு: 'பிசி 16:0_18:1'. இடமும் உறுதியானால்தான் சாய்கோடு: 'பிசி 16:0/18:1'. இரட்டைப் பிணைப்பின் இடமும் வடிவமும் அதற்கும் பிறகே. ஆய்விதழ்களில் ஆதாரமின்றிச் சாய்கோடு போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அயனி நகர்திறன் கருவி இருக்கிறது என்பதே சாய்கோட்டுக்கான உரிமம் ஆகிவிடாது. ஒரு பகுப்பாய்வாளர் அடிக்கோட்டோடு நிறுத்திக்கொண்டால் அவர் குறைவாகச் செய்துவிட்டார் என்று பொருளில்லை; பின்னால் வருபவர் எதை நம்பலாம் என்று சொல்லியிருக்கிறார்.

மருத்துவமனை வாசலில்

இந்த நுட்பங்கள் நோயாளியிடம் போய்ச் சேர வேண்டிய இடங்களில் கிராபே நோயே மிக அவசரமானது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் 2006-இல் பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் இந்நோய்க்கான முதல்நிலைச் சோதனையைத் தொடங்கியது. குதிகாலில் எடுத்த இரத்தத் துளியில் நொதியின் செயல்திறன் அளக்கப்படும். நொதி குறைவாக இருக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. யாருக்கு வரும் என்பதைப் பிரித்தறிய சைக்கோசின் என்ற கொழுப்பின் அளவு உதவுகிறது. குருத்தணு மாற்றுச் சிகிச்சை பலன் தர வேண்டுமானால் அறிகுறிகள் தோன்றுமுன்பே, பிறந்த சில வாரங்களுக்குள், செய்தாக வேண்டும். சைக்கோசின் என்பது கேலக்டோஸ் ஏறிய ஸ்ஃபிங்கோசின், எடை 461. கோஷே நோயின் போக்கை அறிய அளக்கப்படும் குளுக்கோசைல்ஸ்ஃபிங்கோசினின் எடையும் அதே 461. ஒன்றை மற்றதாகக் கணக்கிட்டால் நோயற்ற குழந்தையின் பெற்றோர் கலங்குவார்கள், அல்லது நோயுள்ள குழந்தைக்குக் கெடு தவறிப்போகும்.

இப்போது இரண்டையும் திரவ வண்ணப்பிரிகை பிரிக்கிறது. ஒரு மாதிரிக்குச் சில நிமிடங்கள். சர்க்கரைத் தலையில் மட்டும் வேறுபடும் இத்தகைய கொழுப்புகளை வேறுபாட்டு நகர்திறன் முறை பிரிக்க வல்லது என்பதைக் கனடாவின் ஒட்டாவா நகர ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பிரிப்பை அன்றாடச் சோதனையாக்க இன்னும் சில படிகள் உண்டு. மிகக் குறைந்த அளவில் இருக்கும் சைக்கோசினை அளக்கும்போது, பிரிப்புக் கருவி அயனிகளில் ஒரு பகுதியை இழந்தாலும் கணக்கு தவறும். இரத்தத்தின் மற்ற சேர்மங்கள் அயனியாக்கத்தை அடக்கினாலும் தவறும். வண்ணப்பிரிகை தனியே விலக்கிவைத்த அந்தச் சேர்மங்கள், அதை நீக்கியவுடன் திரும்ப வந்து நிற்கும். ஐசோடோப்பு ஏற்றிய சைக்கோசினை ஒவ்வொரு மாதிரியிலும் அளந்து சேர்த்து, அதோடு ஒப்பிட்டே அளவைச் சொல்வதும், அந்த ஒப்பீட்டை வெவ்வேறு ஆய்வகங்கள் ஒரே இரத்தத் துளி மாதிரிகளில் செய்து பார்ப்பதும் அடுத்து நடக்க வேண்டிய வேலைகள்.